மரமா, கார்பனா?

சென்னையில் ஒரு ஹாக்கி ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கூட்டம் தானாக விலகும். பக்கத்து ஸீட் ஆசாமி ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். கண்டக்டர் அன்றைக்கு மட்டும் சில்லறைக்காக நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாம் நம் சினிமாக்காரர்கள் செய்த உபகாரம். மார்க்கெட்டுக்குள் ஜீப்பில் வந்து குதிக்கிற அடியாட்கள் கையில் தவறாமல் ஆளுக்கொரு ஹாக்கி ஸ்டிக் இருக்கும். பந்துதான் இருக்காது. 2019-ல் 'நட்பே துணை' வந்தபோதுதான், 'அட, இதை வெச்சு பந்தையும் அடிக்கலாம் போலிருக்கே' என்று பல பேருக்குத் தெரிந்தது.

நமது தேசிய விளையாட்டு ஹாக்கி என்று மூணாங்கிளாஸ் புத்தகத்தில் உருப்போட்டவர்கள் நாம். 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 'அப்படி எந்த விளையாட்டையும் நாங்கள் அறிவிக்கவே இல்லையே' என்று மத்திய அரசு கையை விரித்துவிட்டது. போகட்டும். அறிவிப்பு இல்லாமலே ஆடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். டோக்கியோவில் 2021-ல் ஒரு வெண்கலம், பாரீஸில் 2024-ல் இன்னொரு வெண்கலம் என்று வந்ததிலிருந்து, கொஞ்சம் கூடவே.

அப்படி ஒருத்தர் கேட்டிருக்கிறார். தனியார் கம்பெனி உத்தியோகம், வயது 29, காலேஜோடு விட்டுப்போன ஹாக்கியை ஆபீஸ் டீமுக்காக மறுபடி ஆரம்பிக்கிறார். 'பட்ஜெட் மூவாயிரம். மரத்தில் வாங்குவதா, காம்போசிட் வாங்குவதா? கடையில் கேட்டால் மூவாயிரத்தில் ஆரம்பித்து இருபதாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் அந்த ஸ்டிக்கின் முதல் உபயோகம் என் மீதுதான்.'

நியாயமான கவலை. அவருடைய முதுகின் நலன் கருதி, கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்ப்போம்.

*

முதலில் மரம்.

ஹாக்கி ஸ்டிக்குக்குப் பெயர் போன மரம் மல்பெரி. பட்டுப்புழு தின்கிறதே, அதே ஜாதிதான். இலை பட்டுப்புடவைக்கு, கட்டை ஹாக்கிக்கு. ஆரம்பத்தில் இங்கிலீஷ்காரர்கள் ஆஷ் என்கிற மரத்தில்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதை ரொம்பவும் வளைக்க முடியாது என்பதால், அந்தக் கால ஸ்டிக்குகளின் மூக்கு அகப்பை மாதிரி நீளமாக இருக்கும். மல்பெரியைச் சூடு காட்டி இறுக்கமாக வளைக்கலாம். வளைத்தாலும் நார் விடாது. மூக்கு குட்டையானதும் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்சட்டென்று திருப்ப முடிந்தது. நம் ஊர் டிரிப்ளிங் வித்தைக்கு அந்தக் குட்டை மூக்கு ரொம்பத் தோது.

தியான்சந்தின் ஸ்டிக்கில் காந்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஹாலந்தில் அதை உடைத்தே பார்த்தார்கள் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக நடமாடுகிறது. கதைதான். ஆனால் உள்ளே என்ன இருந்திருக்கும் என்பது நிச்சயம்: வெறும் கட்டை.

1947-க்கு முன்னால் இந்தத் தொழிலின் தலைநகரம் சியால்கோட். பிரிவினையின்போது அங்கிருந்து கையில் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஜலந்தரில் குடியேறினார்கள். இன்றைக்கும் நம் ஊர்க் கடைகளில் தொங்குகிற ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை ஜலந்தர் சரக்குதான். மீரட்டிலிருந்தும் வரும். சியால்கோட் இப்போது பாகிஸ்தானில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுவதற்கும் செய்து அனுப்புகிறது. இரண்டு நாட்டுக்கும் மைதானத்தில் நடந்த சண்டை பாதி, பட்டறையில் நடந்தது மீதி.

மர ஸ்டிக்கின் குணம் என்ன? சாது. வேகமாக வருகிற பந்தை வைத்து நிறுத்தினால் 'தொப்'பென்று பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அடிக்கும்போது கட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் கைக்கு அதிர்ச்சி குறைவு, பந்துக்கு வேகமும் கொஞ்சம் குறைவு. விலை மலிவு. விரிசல் விட்டால் நார் நாராகக் கண்ணுக்குத் தெரியும். 'அண்ணே, நான் போகப் போறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உடையும்.

கெட்ட குணம், தண்ணீர். ஈரத்தில் ஊறினால் உப்பும், கனக்கும், பிளக்கும். இந்த ஒரு பலவீனம்தான் மரத்தின் கதையை மாற்றியது.

*

1975-ல் கோலாலம்பூரில் நாம் உலகக்கோப்பையை ஜெயித்தோம். அடுத்த வருஷமே மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். ஒரே வருஷத்தில் நம்மவர்களுக்குக் கையில் சுளுக்கா? இல்லை. காலடியில் தரை மாறிவிட்டது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது அதுதான் முதல் தடவை. 1928-லிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஏதாவது ஒரு மெடலோடு திரும்பியவர்கள், அந்தத் தடவை வெறுங்கையோடு வந்தார்கள். 1980-ல் நம் சென்னை பாஸ்கரனின் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கியதோடு சரி. அடுத்த ஒலிம்பிக் ஹாக்கி மெடலுக்கு 41 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மண்ணிலும் புல்லிலும் பந்து தத்தித் தத்தி வரும், அதைக் கெஞ்சிக் கொஞ்சிக் கூட்டிப்போக வேண்டும். செயற்கைத் தரையில் கேரம் போர்டில் காய் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கெஞ்ச நேரமில்லை. பலமாக, நேராக அடிக்கத் தெரிந்தவன் ராஜா. தவிர, அந்தத் தரைக்குத் தண்ணீர் விட்டு ஈரமாக்கி ஆடுகிறார்கள். மர ஸ்டிக்குக்கு ஈரமும் ஆகாது, சொரசொரப்பும் ஆகாது. முதலில் மரத்துக்கு மேல் கண்ணாடி இழையைச் சுற்றிப் பார்த்தார்கள். 1990-களில் மரமே இல்லாத ஸ்டிக்குகள் மெல்ல உள்ளே வந்தன. இன்று சர்வதேச மேட்ச் எதைப் பார்த்தாலும் 22 பேர் கையிலும் காம்போசிட்தான்.

மற்ற விளையாட்டுகளிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. கிரிக்கெட்டில் 1979-ல் டென்னிஸ் லில்லி ஓர் அலுமினிய பேட்டோடு பெர்த்தில் இறங்கி ரகளை பண்ணினார். சட்டத்தைத் திருத்தி, மரத்தைத் தவிர மற்றதெல்லாம் வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். டென்னிஸில் நேர் எதிர். 1983-ல் யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்ததோடு மர ராக்கெட்டின் கிராண்ட் ஸ்லாம் கணக்கு முடிந்தது. 1991-ல் பியான் போர்க் ரிட்டையர்மென்டிலிருந்து திரும்பி, பழைய பாசத்தில் மர ராக்கெட்டோடு மான்ட்டி கார்லோவில் ஆடி, முதல் ரவுண்டிலேயே வீட்டுக்குப் போனார். பாசம் வேறு, பாயின்ட் வேறு.

*

இப்போது காம்போசிட். பேர்தான் பெரிசு. உள்ளே மூன்று நாலு வகை இழைகள், அவற்றை ஒட்டவைக்கிற ரெசின் என்கிற பிசின். அவ்வளவுதான். கார்பன் இழை விறைப்பு. எடை குறைவு, விலை கூடுதல். கண்ணாடி இழை மலிவு. கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அடி தாங்கும். அராமிட் என்று ஒன்று, புல்லட் புரூஃப் சட்டையில் போடுகிறார்களே அந்த வகை, அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்ளும்.

காப்பி குடிக்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கார்பன்தான் கொட்டை. கண்ணாடி இழை சிக்கரி. ஸ்டிக்கின் மேல் 'கார்பன் 20 சதவிகிதம்', '50 சதவிகிதம்', '95 சதவிகிதம்' என்று போட்டிருப்பது இந்தக் கலவைக் கணக்கு. சதவிகிதம் ஏற ஏற விறைப்பு ஏறும், விலை அதைவிட வேகமாக ஏறும். ஆனால் சிக்கரியே இல்லாத காப்பி எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

ஏன்? விறைப்பான ஸ்டிக் வளையாது. நீங்கள் கொடுக்கிற சக்தியை அப்படியே பந்துக்குக் கொடுத்துவிடும். சரி, பந்து கொடுக்கிற சக்தியை என்ன செய்யும்? அதையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நிறுத்த வேண்டிய பந்து ஸ்டிக்கில் பட்டு இரண்டடி தள்ளி, எதிராளியின் காலடியில் மரியாதையாகப் போய் நிற்கும். 95 சதவிகித கார்பனை அடக்கி ஆள, கையில் பழக்கம் வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் ஆடுகிறவனுக்கு அது ஆயுதம். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் மழை இல்லாவிட்டால் மட்டும் ஆடுகிறவருக்கு அது இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அவஸ்தை.

இன்னொன்று. நடுவில் ஒரு அடி தள்ளிப் பட்டுவிட்டால், மரம் சமாதானமாகப் போய்விடும். விறைத்த காம்போசிட் கையிலிருந்து தோள்பட்டை வரைக்கும் 'ஜிவ்'வென்று ஒரு தந்தி அடிக்கும். ஒரு குளிர்கால விடியலில் இதை அனுபவித்தவர்கள் அன்று முழுக்க ஆபீஸில் கையெழுத்தே போட மாட்டார்கள்.

காம்போசிட்டின் பெரிய நல்ல குணம், தண்ணீருக்குப் பயமில்லை. இன்றைக்கு அடித்த மாதிரியே ஆறு மாசம் கழித்தும் அடிக்கும். மரம் அப்படியில்லை; நாளாக நாளாக சோர்ந்துவிடும். பெரிய கெட்ட குணம், உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. ஒரு நாள் ஃப்ரீ ஹிட் அடிக்கும்போது தலை தனியாகப் பறந்து போகும். பந்து இங்கேயே கிடக்கும்.

*

பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி வரிசையாக ஸ்போர்ட்ஸ் கடைகள். போன மாசம் அங்கே ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தபோது, தெற்கத்திப் பக்கத்துக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். பையனுக்குப் பதினாலு வயது இருக்கும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் கோச் எழுதிக் கொடுத்தது: '36.5 காம்போசிட்.' பையனின் கண், சுவரில் நடுநாயகமாகத் தொங்கிய ஒரு பளபளா ஸ்டிக்கின் மேல். விலை 11,000.

"அண்ணாச்சி, நம்மகிட்ட ரெண்டாயிரத்தி ஐநூறு இருக்கு. அதுக்குள்ள பாத்துக் குடுங்க."

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பளபளாவின் பக்கம் திரும்பவே இல்லை. பையனைக் கேட்டார்.

"எந்த க்ரவுண்ட்ல தம்பி ஆடறே?"

"ஊர்ல மண்ணு. ஹாஸ்டல்ல டர்ஃபு."

"பொசிஷன்?"

"ஹாஃப்."

"வர்ற பந்தை நிறுத்தி, பிரிச்சுக் குடுக்கற வேலை. உனக்கு எதுக்குப்பா அவ்வளவு கார்பன்?"

அப்பா ஒரு காம்போசிட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, விலை விசாரிக்கிற எவருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இது ஒடஞ்சா ஒட்டிக்கிடலாமா?"

கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். வியாபாரி யோசிக்கும்போது நாம் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது வழக்கம். இவர் உண்மையைச் சொல்வதற்கு யோசித்திருக்கிறார்.

"மரத்தை ஒட்டலாம் சார். பசை போட்டு, ஃபைபர் துணி சுத்தினா இன்னும் ஒரு சீசன் ஓடும். இது போனா போச்சு. ஆனா டர்ஃப்ல மரம் வெச்சா மூணே மாசத்துல மூக்கு தேஞ்சிடும். அப்புறம் மறுபடியும் மரம், மறுபடியும் மரம். கூட்டிப் பாருங்க, இதே காசுதான் வரும்."

"ஊர்ல இவங்கிட்ட பழைய மர ஸ்டிக்கு ஒண்ணு கெடக்கு."

"அத வெச்சுக்கட்டும். லீவுக்கு ஊருக்கு வந்தா மண்ணுல அதுலயே ஆடச் சொல்லுங்க. இத மண்ணுல எறக்கக் கூடாது. கல்லு பட்டா மூக்கு பேந்துடும்."

கடைசியில் பையனுக்குக் கிடைத்தது, 20 சதவிகித கார்பன், மீதி கண்ணாடி இழை, சாதாரண வளைவு. 2,100 ரூபாய். 350-க்கு ஷின் கார்டு. பையன் முகம் சுண்டைக்காயாகிவிட்டது. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொள்ளும்போது அப்பா அவனிடம் சொன்னது காதில் விழுந்தது: "நம்ம பக்கத்துல எத்தன பயலுவ இந்தக் கம்பப் புடிச்சு ரயில்வேக்கும் போலீசுக்கும் வேலைக்குப் போயிருக்கானுவ. எவனாவது பதினோராயிரத்துக்கா வாங்குனான்?"

கோவில்பட்டிப் பக்கத்தில் இது வெறும் விளையாட்டு இல்லை. அது அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு குறுக்குச் சந்து. கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். இரண்டு ஊரிலும் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஸ்டிக்கின் விலை என்பது ஒரு மாச மளிகைக் கணக்கு. ஒரு தப்பு ஸ்டிக் வாங்கிவிட்டால் அடுத்தது வாங்க ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்தில் செலக்‌ஷன் வந்து போய்விடும்.

*

ஆகவே, தீர்ப்பு. விலையெல்லாம் சுமார்தான், கடைக்குக் கடை மாறும்.

முதல் கேள்வி, பட்ஜெட் எவ்வளவு என்பதல்ல. தரை எது என்பது. மண் க்ரவுண்டில் ஆடுகிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு மரம். அதிலும் தலைப்பகுதியில் கண்ணாடி இழை சுற்றினதாகப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கும். மண்ணில் காம்போசிட்டை இறக்குவது, பட்டுவேஷ்டி கட்டிக்கொண்டு கிணறு தூர்வாரப் போவதற்குச் சமானம்.

டர்ஃபில் ஆடுகிறீர்களா? வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ? 10-லிருந்து 30 சதவிகித கார்பனுக்குள் ஒரு காம்போசிட். இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம். நம் 29 வயது நண்பர் இந்த ஜாதிதான். மூவாயிரத்தில் 600 ரூபாயை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதிக்கு ஸ்டிக் வாங்கவும். அந்த 600 எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஐம்பது சதவிகிதத்துக்கு மேல் கார்பன், அடியில் ஆழமான வளைவு, ஏழாயிரம் பத்தாயிரம் என்றால், அது டிராக் ஃப்ளிக் அடிப்பவர்களுக்கு. பெனால்ட்டி கார்னரில் பந்தைக் கவண்கல் மாதிரி வீசி எறிகிறார்களே, அவர்களுக்கு. அந்த வளைவில் சாதாரணமாக அடித்தால் பந்து எதிர்பாராமல் மேலே கிளம்பும். யார் முகத்தை நோக்கி என்பது பகவான் சித்தம். அது உங்களுக்கு வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால், வேண்டாம். வேண்டியவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது.

வளர்கிற பையன், பெண்ணுக்கு? விலை உயர்ந்தது வேண்டவே வேண்டாம். வருஷா வருஷம் பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி ஸ்டிக்கும் குட்டையாகிப் போகும். பெரியவர்களில் ஐந்தடி ஒன்பது அங்குலம் வரை 36.5 அங்குலம் போதும்; அதற்கு மேல் வளர்ந்தவர்கள் 37.5. ஒரு சுலபக் கணக்கு: ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த பகுதியை அக்குளில் வைத்துக்கொண்டால், கைப்பிடி முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே வர வேண்டும். கடையில் இதைச் செய்யும்போது நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இடது கைக்காரர்கள் தனி ஸ்டிக் தேட வேண்டாம். ஹாக்கியில் அது கிடையாது. தட்டையான பக்கம் எல்லோருக்கும் இடது புறம்தான். கங்குலிக்கும் அதே ஸ்டிக், கவாஸ்கருக்கும் அதே ஸ்டிக்.

*

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டிய சில்லறைப் பரீட்சைகள்.

மர ஸ்டிக்கில் ரேகை பாருங்கள். கைரேகை ஜோசியம் மாதிரி. ரேகைகள் கைப்பிடியிலிருந்து நேராக இறங்கி, வளைவில் கூடவே வளைந்து, மூக்கு வரைக்கும் போக வேண்டும். பாதியில் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியே ஓடினால், ஸ்டிக் அந்த இடத்தில்தான் உடையும். முடிச்சு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காம்போசிட்டைக் காசால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிக் டிக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓர் இடத்தில் 'டொக்' என்று செத்தால், அங்கே உள்ளே ஏதோ விட்டுப் போயிருக்கிறது. பழையது வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கக் கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். ஸ்டிக்கின் வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் வையுங்கள். நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். நிமிர்ந்து நின்றபடி அது அந்த இடைவெளியில் உருண்டு போனால், அந்த ஸ்டிக் ஆட்டத்துக்கு ஆகாது. நாணயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளவும்.

அதேபோல, ஸ்டிக் 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். வளையல் கடைக்காரர்கள் 'ரெண்டு சைஸ்' என்கிறார்களே, உள்விட்டம் இரண்டு அங்குலம், கிட்டத்தட்ட அதே அளவு. டேப், கிரிப் என்று கண்டதையும் சுற்றித் தடிமனாக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். எடை 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அது என்ன 737 என்று கேட்காதீர்கள். பழைய 26 அவுன்ஸ் கணக்கு. நமக்கு 530-லிருந்து 560 கிராம் வரை சௌகரியம். இரண்டு ஸ்டிக்கைக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரே எடையிலும் ஒன்று தலை கனமாகவும் ஒன்று லேசாகவும் தோன்றும். உங்கள் மணிக்கட்டு சொல்வதைக் கேளுங்கள், ஸ்டிக்கர் சொல்வதை அல்ல.

ஸ்டிக்கர் என்றதும் ஒரு எச்சரிக்கை. 1,500 ரூபாய்க்கு '90 சதவிகித கார்பன்' என்று ஒட்டியிருந்தால், அதில் நிஜமாக இருப்பது ஸ்டிக்கர் மட்டும்தான்.

வாங்கிய பிறகு? மரத்தை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். காம்போசிட்டை மே மாச மத்தியானத்தில் கார் டிக்கியில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பிசின். இரண்டு வகைக்கும் மூக்கில் ஒரு சுற்று டேப் போட்டால் ஆயுசு கெட்டி. கிரிப் தேய்ந்தால் நூறு, இருநூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஸ்டிக்கே புதுசானது போலிருக்கும்.

*

அந்த 600 ரூபாய்.

ஹாக்கிப் பந்தின் எடை 156-லிருந்து 163 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையும் அதேதான். கிரிக்கெட்டில் அந்தப் பந்தைச் சந்திக்க இரண்டு காலுக்கும் பேட், தலைக்கு ஹெல்மெட், கைக்கு கிளவுஸ் என்று மாப்பிள்ளை அலங்காரம் செய்துகொண்டு போகிறோம். ஹாக்கியில் அதே பந்து, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில், பர்முடாஸ் போட்ட காலை நோக்கி வரும். ஷின் கார்டும் வாய்க்கு ஒரு மவுத் கார்டும் வாங்கத்தான் அந்த 600. ஒரு பல் கட்ட இன்றைக்கு டாக்டர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் கார்பன் சதவிகிதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, பழைய ஸ்டிக்.

புது ஸ்டிக் வந்ததும் பழையது பரணுக்குப் போகும். அல்லது வீட்டில் கொடியில் துணி போடுகிற கோலாகப் பதவி இறக்கம் பெறும். அதற்கு முன் பக்கத்தில் இருக்கிற கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் பி.டி. மாஸ்டரைப் பாருங்கள். பல பள்ளிகளில் பதினோரு பேருக்கு நாலு ஸ்டிக்தான் இருக்கும். மாற்றி மாற்றி ஆடுவார்கள். கொஞ்சம் விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, மரமாக இருந்தால் ஒட்டிக்கொள்வார்கள்.

புனே பக்கத்தில் கட்கி என்கிற இடத்தில், ஆர்டினன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் பிறர் உடைத்துப்போட்ட ஸ்டிக்குகளை வைத்துத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். பிறகு நாலு ஒலிம்பிக், நாலு உலகக்கோப்பை, நாலு ஆசியப் போட்டி ஆடினான். பெயர் தன்ராஜ் பிள்ளை.

அந்த உடைந்த ஸ்டிக்குகளில் கார்பன் எத்தனை சதவிகிதம் என்று அவர் விசாரித்ததாகத் தகவல் இல்லை.